டவர் லைன் ஊரில் நாலு நாள்

கரூரைத் தாண்டிச் சின்னதாராபுரம் வழியாகத் தாராபுரம் போகிற ரோட்டில், ஆடி மாதத்தில் ஜன்னலோர சீட் கிடைத்தால் புடவைத் தலைப்பை இறுக்கிச் செருகிக் கொண்டுதான் உட்கார வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று அப்படி! ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் காற்றைப் பற்றித்தான் பேச்சு. இருபுறமும் கொறங்காடு. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், நிழலில் அசை போட்டுக் கொண்டு காங்கயம் மாடுகள். மூலனூர் பக்கம் வந்தால் முருங்கைத் தோட்டங்கள். மழை குறைந்த சீமைதான், ஆனாலும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

நான் சின்னப் பெண்ணாக இந்த வழியில் போனபோது காட்சி அவ்வளவோடு முடிந்து விடும். இப்போது அதற்கு மேலே இன்னும் இரண்டு அடுக்கு சேர்ந்திருக்கிறது. ஒன்று காற்றாலைகள். மற்றது, காட்டுக்குக் காடு தாண்டிப் போகிற ராட்சசக் கோபுரங்களும் கம்பிகளும். ஊர் ஜனங்கள் இதை 'டவர் லைன்' என்கிறார்கள். சில கோபுரங்களுக்கு இரண்டே கை. கைக்கு ஒரு கற்றைக் கம்பி. சத்தீஸ்கரில் ராய்கர் பக்கமிருந்து ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து புகளூர் வந்து சேரும் 800 கிலோவோல்ட் லைன் அந்த ரகம். 6000 மெகாவாட் தாங்கும் என்கிறார்கள். மற்றவற்றில் இரண்டு பக்கமும் மும்மூன்று கை இருக்கும்.

என் அக்கா மகளை இந்தப் பக்கத்தில்தான் கொடுத்திருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். தாராபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி என்று வைத்துக் கொள்ளுங்கள். நாலு ஏக்கர் காடு, ஒரு கிணறு, ஆறு உருப்படி மாடு. மூன்று வயதில் ஒரு பையன். இப்போது மறுபடியும் ஐந்து மாதம். ஆனிக் கடைசியில் ஒரு நாள் ராத்திரி போனில் ஒரே அழுகை.

"சின்னம்மா, ஊட்டுப் பக்கத்துல அத்தனை கரண்டு போகுது. பெரியவனுக்கு மாசம் தவறாம சளி புடிக்குது. வயித்துல இருக்கறதுக்கு என்னாகுமோன்னு எனக்குத் தூக்கமே இல்லீங்க. அவரு காட்டை வித்துப்போட்டு டவுனுக்கு வாடகைக்குப் போயரலாம்ங்கறாரு. அத்தை வரமாட்டேன்னு ஒரே புடியா நிக்கறாங்க."

புரோக்கர் ஒருவன் வந்து பார்த்து விட்டுப் போயிருக்கிறான். லைன் போன காட்டுக்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்? பாதி விலை சொன்னானாம். ஆடியில் கிரயம் பேச மாட்டார்கள் என்பதால் அந்த ஒரு மாதம்தான் அவகாசம். நான் இவரிடம் சொல்லி விட்டு, நாலு நாளைக்குப் பொடி, ஊறுகாயெல்லாம் எடுத்து வைத்து விட்டுத் திருச்சியில் பஸ் ஏறினேன். வெறுங்கையோடு போகவில்லை. எங்கள் டாக்டரம்மாவைக் கேட்டும், மின்சாரப் படிப்பு படிக்கும் என் மகனைக் குடைந்தும் ஒரு நோட்டில் பத்துப் பக்கம் எழுதிக் கொண்டு போயிருந்தேன். கர்ப்பிணிப் பெண்ணிடம் "ஒன்றும் ஆகாது, பயப்படாதே" என்று வாயால் மட்டும் சொன்னால் எடுபடாது. அது உங்களுக்கும் தெரியும்.

முதல் நாள் விடியற்காலை வாசல் தெளிக்க எழுந்தவளோடு நானும் வெளியே வந்தேன். பனி ஈரத்தில் கம்பிகள் 'சுர்ர்ர்' என்று கடுகு பொரிகிற மாதிரி சத்தம் போட்டுக் கொண்டிருந்தன. கம்பியைச் சுற்றியுள்ள காற்றில் மின்சாரம் கசிவதால் வரும் சத்தம் அது. ஈரம் இருந்தால் கூடும், வெயில் ஏறினால் அடங்கும். கேட்கக் கேட்க எனக்கே நெஞ்சைப் பிசைந்தது. தினமும் கேட்கிறவளைக் குற்றம் சொல்ல முடியுமா?

சம்பந்தியம்மா தன் பங்குக்குச் சொன்னார்: "அம்மிணி, கம்பிக்குக் கீழ டியூப்லைட்டைக் கையில புடிச்சா அதுபாட்டுக்கு எரியுதுங்க. கம்பி வேலியைத் தொட்டா சுருக்குங்குது. போன வருஷம் ஒரு மாடு கன்னைக் கருவிலயே போட்டுருச்சு."

டியூப்லைட் எரிவது நிஜம்தான். இங்கிலாந்தில் ரிச்சர்ட் பாக்ஸ் என்ற கலைஞர் 2004-ல் உயர்அழுத்தக் கம்பிகளுக்கு அடியில் 1301 டியூப்லைட்டுகளை நிலத்தில் நட்டு, ஒயர் எதுவுமில்லாமல் எரிய விட்டுக் காட்டினார். கம்பியைச் சுற்றி மின்புலம் என்று ஒன்று இருக்கிறது. குழலுக்குள் இருக்கும் வாயு ஒளிர அந்தக் கொஞ்சமே போதும். அந்த மின்புலத்தை வீட்டுச் சுவரும் மரமும் தடுத்து விடும். வேலி சுருக்கென்று பிடிப்பதும் அதன் வேலைதான். லைனுக்கு இணையாக நீளமாகப் போகிற இரும்புக் கம்பியில் மின்னழுத்தம் ஏறி நிற்கும், தொட்டால் சொடுக்கும். வேலியை அங்கங்கே எர்த் செய்து விட்டால் போதும். அதை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். மாடு கரு கலைந்ததற்குக் கால்நடை டாக்டரைக் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லையாம்.

சுவரால் தடுக்க முடியாதது காந்தப்புலம். பயமெல்லாம் அதைப் பற்றித்தான். இந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த தேதியும் உண்டு. 1979-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் வெர்த்தைமர், லீப்பர் என்ற இருவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் வீடுகள் கனமான மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் அதிகம் இருந்தன என்று எழுதினார்கள். அதிலிருந்து பல நாட்டில் ஆராய்ச்சி. 2000-ல் ஒன்பது ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்ததில், வீட்டுக்குள் சராசரி காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் அந்த நோய் சுமார் இரு மடங்கு காணப்பட்டது. (தங்கத்துக்குக் கிராம் மாதிரி, காந்தப்புலத்துக்கு மைக்ரோடெஸ்லா.) அந்த அளவுக்கு மேல் இருந்த வீடுகள் மிகக் குறைவு, நோயும் அபூர்வமானது. ஆகவே தற்செயலா, வேறு காரணமா என்று இன்றுவரை முடிவாகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2002-ல் இதை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம்' என்ற வகையில் வைத்தது. அதே வகையில் கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கிறது, சீனா, கொரியா பக்கத்து ஊறுகாய்க் காய்கறியும் இருக்கிறது என்றதும் என் மகளே சிரித்து விட்டாள். இரண்டு வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்றார் மாப்பிள்ளை.

எனக்கு மனசில் பட்டது இன்னொரு சேதி. இங்கிலாந்தில் 2005-ல், உயர்அழுத்தக் கம்பிக்கு 200 மீட்டருக்குள் பிறந்த குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் கூடுதல் என்று ஒரு பெரிய கணக்கு வந்து பரபரப்பானது. அதே கூட்டத்தார் 2014-ல் இன்னும் நீண்ட காலத்துக்கு, 1962 முதல் 2008 வரை, கணக்கெடுத்தார்கள். 1960, 70-களில் தெரிந்த அந்தக் கூடுதல் 1980-களுக்குப் பிறகு காணோம்! கம்பி அதே மாதிரிக் கம்பிதான், மின்சாரம் குறையவில்லை. கம்பியே காரணமென்றால் ஆபத்து மட்டும் ஏன் மறைய வேண்டும்? அந்தக் காலத்தில் கம்பியோரத்தில் யார் குடியிருந்தார்கள் என்பது போல வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கருச்சிதைவு, குறைப்பிரசவம் போன்றவற்றுக்கோ இந்த அளவு ஆதாரம்கூடக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2007-ல் எல்லாவற்றையும் அலசி எழுதியது. செலவில்லாமல் குறைக்க முடிந்தால் குறைத்துக் கொள்ளுங்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன யோசனை. இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் பொது விஷயம் எத்தனை சொன்னாலும், "அது சரிங்க சின்னம்மா, எங்க ஊட்டுல எத்தனை இருக்குது?" என்று கேட்டாள் பாருங்கள், அதுதான் கேள்வி. மாப்பிள்ளையின் தம்பி பாலிடெக்னிக்கில் வாத்தியார். இரண்டாம் நாள் கல்லூரியிலிருந்து டார்ச் லைட் அளவு ஒரு மீட்டரை வாங்கிக் கொண்டு வந்தார். குடும்பமே அவர் பின்னால் ஊர்வலம். பையன்தான் முன்னால்.

இவர்கள் காட்டில் போவது 400 கிலோவோல்ட் லைன். இதற்கு 46 மீட்டர் அகலப் பாதை விட வேண்டும், அதாவது நடுவிலிருந்து இரு பக்கமும் 23 மீட்டர். அதற்குள் வீடு கட்டக் கூடாது. மாப்பிள்ளை டேப் பிடித்து அளந்தார். கம்பியிலிருந்து வீட்டுச் சுவர் 92 மீட்டர். கம்பிக்கு நேர் கீழே மீட்டர் 4-க்குப் பக்கத்தில் காட்டியது. இருபது மீட்டர் தள்ளி வந்ததும் பாதிக்குக் கீழே. கிணற்று மேட்டில் இன்னும் குறைந்தது. வாசலில் 0.1-க்கும் கீழே இறங்கி விட்டது. 50, 100 மீட்டர் தாண்டினால் கம்பியின் காந்தப்புலம் சாதாரண வீட்டு அளவுக்கு இறங்கி விடும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கண்ணெதிரே காட்டியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. வெயில் நேரம், ராத்திரி என்று லைனில் ஓடும் மின்சாரம் கூடும், குறையும். அதனால் மறு நாள் காலையும் ராத்திரியும் இன்னும் இரண்டு தடவை அளக்கச் சொன்னேன். பெரிய வித்தியாசமில்லை.

வேடிக்கை வீட்டுக்குள்தான். மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் கொண்டு போனால் மீட்டர் எகிறுகிறது. தலை உலர்த்துகிற ஹேர் டிரையர் மூன்று சென்டிமீட்டரில் 6 முதல் 2000 மைக்ரோடெஸ்லா வரை, இஸ்திரிப் பெட்டி 8 முதல் 30 வரை காட்டும் என்று பெரிய கணக்குகளிலேயே இருக்கிறது. ஒரு முழம் தள்ளினால் சட்டென்று விழுந்து விடும். அதுவும் நாம் நாள் முழுக்க அதைப் பிடித்துக் கொண்டு நிற்பதில்லை. படுக்கையில் மட்டும் எட்டு மணி நேரம் தலை ஒரே இடத்தில் இருக்கிறது. அவள் கட்டில் தலைமாட்டில் மீட்டரை வைத்தார்: 0.7! எல்லாரும் ஜன்னல் வழியாக டவரைப் பார்த்தோம். அவர் சுவரைத் தட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் இன்வெர்ட்டர். கட்டிலை எதிர்ச் சுவருக்குத் தள்ளிப் போட்டதும் 0.1 ஆகி விட்டது. பத்து நிமிஷ வேலை, பைசாச் செலவில்லை.

அளந்து முடித்துப் பின்கட்டில் காபி குடிக்கும்போதுதான் எனக்கு உயிரே போயிற்று. துணி காயப் போட ஜி.ஐ. கம்பி கட்டியிருந்தார்கள். ஒரு முனை குளியலறைத் தகரக் கூரையின் இரும்புக் கம்பத்தில். மறு முனை வீட்டுக்கு சர்வீஸ் ஒயர் வருகிற மின்கம்பத்தின் ஸ்டே கம்பியில்! சர்வீஸ் ஒயரின் மேல்தோல் காற்றில் உராய்ந்து உராய்ந்து ஓரிடத்தில் பிய்ந்து, தகரத்தின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் ஆடிக் கொண்டிருக்கிறது. ஆடிக் காற்று வேறு. இவள் வெறுங்காலோடு, ஈரத் தரையில் நின்று, ஈரப் புடவையைப் பிழிந்து அந்தக் கம்பியில் தினமும் உதறிப் போடுகிறாள். வயிற்றில் குழந்தையோடு.

சகோதரிகளே, மழைக்காலம் வந்தால் 'கொடிக் கம்பியில் துணி காயப் போட்ட பெண் மின்சாரம் தாக்கி மரணம்' என்று பேப்பரில் படிக்கிறோமே, அதற்கான ஏற்பாடு முழுசாகத் தயாராக இருந்தது அங்கே. 92 மீட்டரில் இருக்கிற நாலு லட்சம் வோல்ட்டுக்குப் பயந்து காட்டை விற்கப் போகிறார்கள். கைக்கெட்டுகிற 230 வோல்ட்டை யாரும் பார்க்கவில்லை. வாத்தியார் மெயினை அணைத்தார். மாப்பிள்ளை மின்வாரியத்தின் மின்னகம் நம்பருக்கு, 94987 94987, போன் செய்து ஒயரைச் சொன்னார். கொடிக் கம்பியை அவிழ்த்து எறிந்து விட்டு, இரண்டு முருங்கை மரத்துக்கு நடுவே நைலான் கயிறு கட்டினோம்.

மறு நாள் எலக்ட்ரீஷியனை அழைத்து வீடு முழுக்கப் பார்க்கச் சொன்னேன். மோட்டார் ரூமில் எர்த் ஒயர் அறுந்து கிடந்தது. மெயினில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டார்கள், கசிவு இருந்தால் கண் இமைப்பதற்குள் மின்சாரத்தை நிறுத்தி விடும். மாதம் ஒரு தடவை அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். முருங்கை பறிக்கிற இரும்புத் தொரட்டியை மூங்கிலாக மாற்றச் சொன்னேன். அதிலும், பக்கத்தில் கம்பி போகிற மரத்தில் மூங்கிலும் வேண்டாம். தெருவில் போகும் 11 கிலோவோல்ட் கம்பி வீட்டுச் சுவரிலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது, கூரைக்கு மேலாகப் போனால் 3.7 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது சட்டம். மாடி எடுக்கிறவர்கள் இதைப் பார்க்காமல் எடுத்து விட்டுப் பிறகு தவிக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு செல் டவரும் இருக்கிறது. அதையும் கேட்டார்கள். அது வேறு ஜாதி அலை. 2011-ல் அதையும் 'இருக்கலாம்' வகையில் வைத்தார்கள். 2024-ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்த பெரிய ஆய்வுத் தொகுப்பில், செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் சம்பந்தம் தெரியவில்லை என்றே வந்தது. டவர் அலை கலங்கரை விளக்கு மாதிரி நேராகத் தூரத்துக்குப் போகும், நேர் கீழே குறைவு. நம் நாட்டில் 2012 செப்டம்பரில் உலக அளவுகோலில் பத்தில் ஒரு பங்காக வரம்பைக் குறைத்தார்கள். காதில் ஒட்டி வைக்கிற போன்தான் டவரைவிட நம் தலைக்குக் கிட்டே இருக்கிறது. அதுவும் சிக்னல் குறைந்த இடத்தில் அதிகமாக வேலை செய்யும். 2018-ல் வந்த '2.0' படம் பார்த்து விட்டுச் செல் டவரால் குருவி அழிகிறது என்று எல்லாரும் நம்பி விட்டார்கள். இந்த ஊர்த் தேங்காய்க் களத்தில் குருவிக்குக் குறைவில்லை. கூடு கட்ட ஓட்டு வீட்டு இடுக்கும், கொத்தித் தின்னத் தானியமும் புழுவும் இருந்தால் அது இருக்கிறது.

இத்தனை சொன்னதால் டவர் லைனால் நஷ்டமே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். சம்பந்தியம்மாவின் கோபம் நியாயமான கோபம். லைனுக்காகப் பதினொரு தென்னையை வெட்டினார்கள். அவர் மாமியார் காலத்தில் வைத்த மரங்கள். 2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்களில் உழவர்கள் இந்தக் கோபுரங்களை எதிர்த்துக் காத்திருப்புப் போராட்டம் நடத்தியபோது இவரும் போய்ப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். சொந்தக்காரர் சம்மதம் இல்லாமலே காட்டில் கோபுரம் நட 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டினார்களாம். புகளூரிலிருந்து திருச்சூர் போகிற லைனுக்குக் கேரளத்தில் ஒரு பகுதியைப் பூமிக்கடியில் கேபிளாகவே கொண்டு போயிருக்கிறார்கள். "அங்க முடியறது இங்க ஏன் முடியாதுங்க?" என்கிறார். பூமிக்கடியில் போட்டால் செலவு பல மடங்கு என்பது அவர்கள் பதில். நஷ்ட ஈட்டுக்கு 2015-ல் மத்திய அரசு வழிகாட்டி போட்டது: கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவிகிதம், கம்பிக்குக் கீழே உள்ள பாதைக்கு அதிகபட்சம் 15. 2024 ஜூனில் அதை 200 சதவிகிதம், 30 சதவிகிதம் என்று உயர்த்தினார்கள். இவர்கள் காட்டில் லைன் போனது அதற்கு முன்னால். பழைய கணக்கில் வந்த பணம் கிணறு ஆழப்படுத்தக் கூடக் காணவில்லை. உடம்புக்கு ஆபத்து என்ற பேச்சு இவ்வளவு வேகமாகப் பரவுவதற்கு இந்த ஆற்றாமையும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. கேட்காமல் தலைக்கு மேல் ஒன்றைக் கட்டி விட்டால் அதை யார் நம்புவார்கள்?

நாலாம் நாள் காலை அரிசியும் பருப்பும் சோறு, நெய், கத்தரிக்காய் என்று பலமான சாப்பாடு. சாப்பிடும்போதே மாப்பிள்ளை சொன்னார்: "புரோக்கருக்கு வேண்டாம்னு சொல்லிப்போட்டனுங்க." இரண்டாவது ரூம் எடுப்பதாக இருந்தவர் அதை லைனுக்கு எதிர்த் திசையில், கிழக்கே எடுக்கப் போகிறார். பையனின் சளிக்கு டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அடுப்புப் புகையும் மாட்டுத் தொழுவத்துத் தூசியுமாக இருக்கும் என்பது என் சந்தேகம். ஊருக்கு வந்து ஒன்பதாம் நாள் போன் வந்தது. மின்வாரியத்தார் சர்வீஸ் ஒயரை மாற்றி, தகரத்துக்கு எட்டாதபடி உயர்த்திக் கட்டிக் கொடுத்து விட்டார்களாம்.

சம்பந்தியம்மா மட்டும் சினை மாட்டை இன்னும் லைனுக்கு அந்தப் பக்கம், வெள்வேல மரத்தடியில்தான் கொண்டு போய்க் கட்டுகிறாராம். "அங்க நெழல் நல்லா இருக்குது" என்கிறாராம். அதில் நான் தலையிடவில்லை.